உதிர்ந்த பூவும் தள்ளிவைத்த இன்பமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் தமிழகத்தில் வானம் கறுக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அடைமழையையும் ஐப்பசியையும் இணைத்தே பழமொழி சொல்லி வைத்தனர் நம் முன்னோர். அதே திங்களில் தில்லியைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலோ வானம் வெளுக்கிறது. தென்மேற்குப் பருவமழை புரட்டாசி முடிவதற்குள் இங்கிருந்து விடைபெற்றுவிடும். அதன்பின் சில வாரங்களுக்குப் புழுக்கமும் இல்லை, குளிரும் இல்லை. ஒரே நாடு, ஒரே திங்கள், ஆயினும் இரண்டு வானங்கள். இவ்விரண்டு வானங்களுக்கும் நடுவே வாழ்கின்றவர்கள் நாம்.

இப்பருவத்தை நாம் எப்பெயரால் அழைப்பது? பள்ளிப் பாடநூல்கள் ‘இலையுதிர் காலம்’ என்று கற்றுத் தந்தன. அது மேலைநாட்டுப் பருவத்தின் பெயர். இவ்வடபுலச் சமவெளியில் வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனித் திங்கள்களில்தான். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பொழுதைக் ‘கூதிர்’ என்றனர் பழந்தமிழர். தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளுள் அஃது ஒன்று. வடமொழியாளர் ‘சரத்’ என்றனர். காளிதாசர் தம் இருதுசங்காரத்தில் மூன்றாவது பகுதியை அதற்கு ஒதுக்கினார். வடமொழியில் ‘சரத்’ என்னும் சொல்லுக்கு ஆண்டு என்ற பொருளும் உண்டு. மனிதன் தன் வாழ்நாளை இத்தகைய பருவங்களைக் கொண்டே எண்ணினான் என்பது நினைக்கத் தக்கது.

நம்மில் பலர் வாழ்நாளை அவ்வாறு எண்ணுவதில்லை. பணிமூப்பு அடைய இன்னும் எத்தனை ஆண்டு என்றே எண்ணுகிறோம். அறுபது வயது நிரம்பட்டும், ஊருக்குப் போய்விடலாம், வாய்க்கால் கரையில் காலார நடக்கலாம், திண்ணையில் அமர்ந்து மழையைப் பார்க்கலாம் என்று இன்பத்தை எல்லாம் வருங்கால வைப்புநிதியில் போட்டுவிட்டு, இங்கே வாழும் நாளை வெறும் காத்திருப்பாகக் கழிக்கிறோம். பணத்தைச் சேமித்தல் அறிவுடைமை. இன்பத்தைச் சேமித்தலும் அத்தகையதுதானா? இதுவே இக்கட்டுரையின் வினா.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் ஊரிலிருந்து வந்து எம்மோடு தங்கியிருந்தார். அப்போது அலுவலக நண்பர் ஒருவர், சோனிபத் மாவட்டத்திலுள்ள தம் சிற்றூருக்கு எம் குடும்பத்தாரை அழைத்தார். அதற்கு முன்பும் ஆண்டுதோறும் அழைத்தவர்தாம். ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று நாம் தள்ளிவந்தோம். அன்னையார்தாம், “அன்போடு கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வருவோமே” என்றார்.

பேருந்தை விட்டு இறங்கி வரப்பில் நடந்தபோது முதலில் எம்மை எதிர்கொண்டது பாசுமதி நெல்லின் மணம். நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், ‘காஸ்’ என்று இவ்வூரார் அழைக்கும் புல் வெண்ணிறமாகப் பூத்து அசைந்துகொண்டிருந்தது. அது வேறொன்றுமன்று, காவிரிக் கரையில் நாம் கண்ட நாணலேதான். ஈரமண்ணில் வாலை ஆட்டியவாறு ஓடித் திரிந்தது வெள்ளை வாலாட்டிக் குருவி. கோடையில் அதனை இங்கே காண இயலாது. கூதிர் வந்தால்தான் வடக்கிலிருந்து அது சமவெளிக்கு இறங்கும். கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பொன்னிறம். இவற்றுள் எதற்கும் யாம் காசு கொடுக்கவில்லை. எதையும் யாம் விளைவிக்கவும் இல்லை.

அங்கேதான் முதல் ஐயம் பிறந்தது. நண்பரின் தந்தையார் எழுபதைக் கடந்த உழவர். யாம் வயலின் அழகைப் புகழ்ந்தபோது அவர் சிரித்தார். “உங்களுக்கு இது அழகு பார்க்கும் மாதம், எங்களுக்குக் கணக்குப் பார்க்கும் மாதம்” என்றார். நெல் அறுத்தாக வேண்டும். ஈரம் உலர்த்திச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். கார்த்திகை பிறப்பதற்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். வயலில் குனிந்து அறுத்தவர்களோ பீகாரிலிருந்து வந்த கூலியாட்கள். பிறர் முதுகு வளைய உழைக்கும் இடத்தில் நின்று, ஆகா என்று கூறி இன்புறுவது அறமாகுமா?

தொலைவில் ஒரு புகைத்திரளும் எழுந்தது. எந்திரத்தால் அறுத்த வயலில் நின்றுவிட்ட தாளைக் கொளுத்துகின்றனர் என்றார் நண்பர். இதன் வரலாறு அறியத் தக்கது. நிலத்தடி நீர் வற்றுவதைத் தடுக்க 2009ஆம் ஆண்டில் பஞ்சாபும் அரியானாவும் சட்டம் இயற்றி, கடுங்கோடையில் நாற்று நடுவதைத் தடை செய்தன. நடவு சூன் திங்களுக்குத் தள்ளிப்போகவே அறுவடையும் தள்ளிப்போயிற்று. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு, மூன்று வாரங்களே எஞ்சின. காற்று வலுவிழந்து நிற்கும் நாள்களும் அவையே. நீரைக் காக்க எண்ணிய நல்லெண்ணம், காற்றைக் கெடுப்பதற்கும் ஓரளவு வழிகோலியது. இவ்வரிசியின் பெரும்பகுதி மத்தியத் தொகுப்புக்குச் சென்று, அங்கிருந்து பல மாநிலங்களின் நியாயவிலைக் கடைகளுக்குப் போகிறது. ஆதலின் அப்புகைக்கு உழவரை மட்டும் பழித்துவிட்டு, உண்ணும் நாம் கை கழுவிக்கொள்ள இயலாது. அழகை மட்டும் நமதாக்கிக்கொண்டு, அதன் துன்பத்தை அயலாருடையது என்பது நேர்மையன்று.

இவ்வாறு எண்ணி யாம் முகம் வாடி நின்றபோது, நண்பகல் உணவுக்காகக் கரையேறிய கூலியாட்களுள் ஓர் இளைஞர் எம்மை அழைத்தார். குளத்தில் விளையும் சிங்காடாக் காயை அவித்து வைத்திருந்தனர். முள்முனை கொண்ட அதன் கருந்தோலை எப்படி உரிப்பது என்று எம் மகளுக்குக் காட்டி, உள்ளிருந்த வெண்பருப்பை அவள் கையில் வைத்தார். தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூசைக்கு ஊர் சென்றுவிட வேண்டும் என்றும், இரயிலில் இடம் கிடைப்பதுதான் பாடு என்றும் சொன்னார். நம் பேச்சேதான்! பின்னர்த் தாளின்மேல் சாய்ந்து, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, தம் மொழியில் ஏதோ பாடினார்.

எம் ஐயத்துக்கு விடை அங்கே பாதி கிடைத்தது. சிறிய இன்பங்கள் ஓய்வுடையோர்க்கு மட்டும் உரியவை என்று நாம் எண்ணியது, இரக்கம்போல் தோன்றினும், உழைப்பவரைச் சிறுமைப்படுத்தும் எண்ணமே. அவ்விளைஞர் நம்மினும் குறைவாக இன்புறவில்லை. அவருடைய கூலியும் அவர் ஊர்ப்பயணமும் நேர்பெற வேண்டும் என்பது வேறு; அதற்காக நாம் முகத்தைத் தொங்கவிட்டு நிற்பதால் அவருக்கு ஆவதொன்றும் இல்லை. அவர் நீட்டிய காயை மகிழ்ந்து உண்பதும், அவருடைய உழைப்பை மறவாதிருப்பதும் ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்ய நம்மால் இயலும்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் விடியலில் அன்னையாரைக் காணாமல் முற்றத்துக்கு வந்தோம். அங்கே ஒரு பவழமல்லி மரம். அதன் அடியில் எம் அன்னையாரும், நண்பரின் தாயாரும் குனிந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவர் ‘ஹர்சிங்கார்’ என்றார், இவர் ‘பவழமல்லி’ என்றார், இருவரும் சிரித்துக்கொண்டனர். எம்மைக் கண்டதும் அன்னையார், “இத்தனை வருஷமாக இந்தப் பக்கம் இருக்கிறாயே, இந்த மரம் இங்கே உண்டு என்று ஒருநாளும் சொல்லவில்லையே” என்றார். யாம் அதுவரை நிமிர்ந்து பார்த்திருந்தால் அல்லவா சொல்வதற்கு? அப்போது யாம் இந்நகருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கீழே விழுந்த மலரை வழிபாட்டுக்குக் கொள்வதில்லை என்பது மரபு. பவழமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் பூ அது. அதைப் பறிக்க வேண்டுவதில்லை, பொறுக்கினால் போதும். சிறிய இன்பங்களின் இலக்கணத்தை இப்பூவைவிடத் தெளிவாக உரைக்கும் நூலை யாம் கண்டதில்லை. அதனை எடுப்பதால் மரத்துக்கு இழப்பில்லை. பிறர் பங்கு குறைவதில்லை. ஆனால் எடுப்பவர் குனிந்தாக வேண்டும். குனிதல் என்பது பணிவு, தந்தவரை நினைத்தல். அதைவிட முதன்மையானது, விடியலில் அங்கே இருந்தாக வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும். நாளைக்கென்று அதனை யாரும் எடுத்து வைக்க இயலாது.

இன்பத்தை நாடுதல் இழிவு என்று எண்ணுவோர் உளர். கிரேக்க அறிஞர் எபிக்கூரசு இன்பமே வாழ்வின் பயன் என்றதனால் அவரைச் சிற்றின்பப் பித்தர் எனப் பழித்தனர். அவர் போற்றியதோ எளிய உணவும் நல்ல நட்பும்தாம். நம் வள்ளுவரும் அறத்தையும் பொருளையும் கூறியதோடு அமையாமல் இன்பத்துக்கும் ஒரு பால் வகுத்தார். பிறர் பொருளை விரும்பாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். பிறருடையதைக் கவராமல் துய்க்கும் இன்பம் அறத்துக்குப் பகையன்று.

இனி, இரண்டாவது ஐயம் ஒன்றுண்டு. அயல்நிலத்துப் பருவத்தில் மனம் தோய்ந்தால் சொந்த ஊரை மறந்துவிடுவோமோ என்பது அது. வரித்தலை வாத்து என்றொரு பறவை. நடு ஆசியாவில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, குளிர்காலத்தில் இந்நாட்டு நீர்நிலைகளுக்கு வருகிறது. அவ்வினத்துப் பறவைகள் அரியானாவின் சுல்தான்பூர் ஏரியிலும் தங்குகின்றன. நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் செல்கின்றன. இறங்கிய நீர்நிலையில் இரை தேடுவதால் அவை பிறந்த இடத்தை மறப்பதில்லை. பருவம் வந்ததும் திரும்பிச் செல்கின்றன. அன்று வரப்பில் நாணலைக் கண்டபோது எமக்குக் காவிரி மறக்கவில்லை; நினைவுக்கு வந்தது. கண் திறந்து நோக்குபவனுக்கு அயலூரும் தன்னூரை நினைவூட்டும். கண் மூடிக் காத்திருப்பவனுக்கு, திரும்பிச் செல்லும் நாளில் தன்னூரும் அயலூராகத் தோன்றக்கூடும்.

அன்னையார் மார்கழியில் ஊர் திரும்பினார். ‘ஓய்வு பெற்றதும் வந்து உங்களுடனேயே இருப்போம்’ என்று வழக்கம்போல் சொல்லி வழியனுப்பினோம். அவரும் வழக்கம்போல் தலையசைத்தார். அடுத்த ஐப்பசிக்கு அவர் இல்லை. பல ஆண்டுகளாக அவருக்கென யாம் சேர்த்து வைத்திருந்த நாள்கள் யாவும் எம் கையிலேயே தங்கிவிட்டன. எமக்கு இன்று துணையாக இருப்பவை, யாம் தள்ளிவைக்காமல் அவரோடு கழித்த அந்த ஒருநாளும், அவர் முந்தானையில் முடிந்துவந்த ஒரு பிடி பூவின் நினைவுமே.

ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை யாம். எமக்கும் அவ்வெண்ணம் உண்டு. ஆயினும் இவ்வாண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிறன்று, குழந்தைகளையும், வீட்டில் இருந்தால் முதியோரையும் அழைத்துக்கொண்டு நகரின் எல்லையைக் கடந்து சென்று வாருங்கள். அங்கே உழைப்பவரோடு இரண்டு சொல் பேசுங்கள். விடியலில் ஒரு பவழமல்லி மரம் எதிர்ப்பட்டால், சற்றே குனியுங்கள். அன்று பூத்தது அன்றைக்கே உரியது.