ஐவரில் நால்வர்

டிசம்பர் திங்கள். வியன்னா மாநகரில் பனி. தேர்வு நெருங்குகிறது; ஆயினும் வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் மாணவர் உள்ளம் நூலகத்திலே தங்குமா? "நாளைக் காலை கிளம்புவோம், ஞாயிறு இரவு திரும்பிவிடுவோம்" என்கிறான் ஒருவன். எங்கே? அண்டை நாட்டின் தலைநகருக்கு!

தலைநகர் என்றதும் தொலைதூரப் பயணம் என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கும் சுலோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ரயிலேறினால் ஒரு மணி நேரம். இறங்கினால் வேறு நாடு, வேறு மொழி, வேறு சுவை. பழைய நகரின் சதுக்கத்தில் குளிர்காலச் சந்தை. மரத்தால் அமைத்த சிறு கடைகள். உருளைக்கிழங்கு மாவைத் தட்டிச் சுடும் லோக்ஷே என்னும் அடை. கையைச் சூடாக்கும் கோப்பையில் ஆவி பறக்கும் திராட்சை மது. தெருவிலே, சாக்கடை மூடியைத் தள்ளிவிட்டுத் தலை நீட்டி இளைப்பாறும் தொழிலாளி ஒருவனின் வெண்கலச் சிலை இருக்கிறது, 1997-இல் வைத்தார்கள். குதிரைமேல் அமர்ந்த மன்னர்களையே கண்டு சலித்த கண்ணுக்கு அது ஆறுதல். போக வேண்டிய ஊர்தான்; மறுக்கவில்லை.

ஐவர் நண்பர்களை நம் கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஒருவன் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தான். ஒருத்தி இத்தாலியின் மிலான் நகரத்தாள். ஒருவன் சுலோவேனியன். இன்னொருத்தி போலந்துக்காரி. ஐந்தாமவன் ஆப்கானிஸ்தானத்தில் பிறந்தவன். அடைக்கலம் கோரி அவன் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஒரே வகுப்பு, ஒரே மேசை, ஒரே பானையில் சமையல். நால்வர் பயணச்சீட்டு வாங்கலாம். ஐந்தாமவன் வாங்கக் கூடாது. கையிலுள்ள அட்டை அவனுக்கு ஆஸ்திரியாவுக்குள் இருக்க இசைவு தருகிறது. அந்த ஒரு மணி நேர ரயிலுக்கு இசைவு தரவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே, "போய் வாருங்கள்" என்கிறான். போகலாமா, கூடாதா?

இரண்டு நாள் உல்லாசத்துக்கு இத்தனை பெரிய கேள்வியா என்று கேட்பவர் உண்டு. பஞ்சமும் போரும் இருக்க, பனிக்காலச் சந்தை பார்க்க முடியாமற்போனது ஒரு குறையா? நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். பிறகு தோன்றியது: உயிர்காக்க ஓடிவருபவனைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் இரக்கம் வந்துவிடுகிறது, அந்த இரக்கம் சிந்தனையை மூடிவிடுகிறது. அற்ப இன்பத்தை எடுத்துக்கொள்வோம். நால்வருக்குக் கேளாமலே கிடைக்கும் அற்ப இன்பம் ஐந்தாமவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? காரணம் சொல்லுங்கள் என்று கேட்டால், அரசுகள் விழிப்பதைப் பார்க்கலாம்.

கோடு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1914-இல் இவ்விரு நகரங்களையும் இணைத்து மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அப்போது இரண்டும் ஒரே முடியாட்சியில் இருந்தன. நான்கே ஆண்டில் அந்த முடியாட்சி சிதறியது. நடுவிலே எல்லை முளைத்தது. ஜெர்மன் பேசியோர் பிரெஸ்பர்க் என்றும், ஹங்கேரியர் போஜோனி என்றும் அழைத்த ஊருக்கு, பிராட்டிஸ்லாவா என்ற பெயர் 1919-இல்தான் அரசுமுறைப் பெயராயிற்று. 1910-இல் அவ்வூரில் பிறந்த ஒருவர் 1993 வரை ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், அவர் வாசல் தாண்டாமலே நான்கு முறை நாடு மாறியிருக்கும்! முடியாட்சி போய்ச் செக்கோசுலோவாக்கியா. 1939-இல் தனிச் சுலோவாக்கியா. 1945-இல் மீண்டும் செக்கோசுலோவாக்கியா. 1993-இல் மறுபடியும் சுலோவாக்கியா. மனிதர் எல்லையைத் தாண்டினார் என்பார்கள். இங்கே எல்லையன்றோ மனிதரைத் தாண்டித் தாண்டிச் சென்றிருக்கிறது!

பிராட்டிஸ்லாவாவின் ஓரத்தில் தேவீன் என்றொரு பாழடைந்த கோட்டை. அதன் அடியில் மொராவா ஆறு டான்யூபில் கலக்கிறது. அக்கரை ஆஸ்திரியா. உரக்கக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். பொதுவுடைமை ஆட்சியின்போது அந்த ஆற்றோரம் முழுவதும் முள்வேலியும் காவலும். வெளியே போக முயன்றவர்களைச் சுட்டார்கள். மாண்டவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. பாட்டாளியின் பெயரால் ஆண்டவர்கள் பாட்டாளியையே வேலிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அதை மறைத்துப் பேசுவது பகுத்தறிவுக்கு அழகல்ல.

அந்த வேலியை அறுத்ததில் மாணவர்களுக்குப் பங்கு உண்டு. 1989 நவம்பர் 16-ஆம் நாள் பிராட்டிஸ்லாவா மாணவர்கள் தெருவில் இறங்கினர். மறுநாள் பிராகா நகர மாணவர்கள். சில வாரங்களில் ஆட்சி ஆட்டங்கண்டது. டிசம்பர் 10-ஆம் நாள், இதே குளிரில், பல்லாயிரவர் பிராட்டிஸ்லாவாவிலிருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் ஊருக்கு நடந்தே சென்றனர். முள்கம்பியால் இதய வடிவில் ஒரு சிற்பமும் செய்து வைத்தனர். 2007 டிசம்பர் 21 அன்று ஷெங்கன் ஒப்பந்தம் சுலோவாக்கியாவுக்கும் வந்தது. எல்லைச் சோதனை நீங்கிற்று. பின்னர் 2020-இல் பெருந்தொற்றின் பெயராலும், 2022-இல் குடிபெயர்வோரைத் தடுப்பதாகக் கூறியும் சோதனை திரும்பி வந்தது உண்மை. ஆனாலும் நம் நால்வருக்கு அதனால் என்ன? காவலர் வந்தால் அட்டையைக் காட்டுவர். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார்.

அந்த ரயில் போகும் வழிகளில் ஒன்று பார்ண்டார்ஃப் ஊரைத் தொட்டுச் செல்கிறது. அவ்வூர் அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில், 2015 ஆகஸ்ட் 27-ஆம் நாள் கேட்பாரற்று நின்ற குளிர்பதன லாரி ஒன்றைக் காவல்துறையினர் திறந்தனர். உள்ளே 71 பிணங்கள். ஆண்கள் 59, பெண்கள் 8, குழந்தைகள் 4. சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தானம், ஈரான் நாட்டவர். மூச்சு முட்டி மாண்டிருந்தனர். லாரி வந்தது ஹங்கேரியிலிருந்து. ஹங்கேரிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே அன்று முள்வேலி இல்லை, தடுப்புக் கட்டையும் இல்லை. அவ்விரு நாடுகளும் ஷெங்கன் நாடுகளே. மாணவர்கள் இருக்கையில் சாய்ந்து கதை பேசிக் கடக்கும் எல்லை அது போன்றதுதான். அதே எல்லையைக் கடக்க அந்த 71 பேர் காற்றுப் புகாத பெட்டிக்குள் ஒளிய நேர்ந்தது. கதவைப் பூட்டியவர்கள் கடத்தல்காரர்கள். நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது, சரியே. ஆனால் ரயிலில் சீட்டு வாங்கி அமர வழியிருந்தால், கடத்தல்காரனைத் தேடி எவன் போவான்?

"வீட்டுக்குக் கதவு வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். மைக்கேல் வால்சர் என்ற அமெரிக்க அறிஞர் 1983-இல் எழுதிய நூலில், யாரைத் தம்முள் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை இல்லாவிட்டால் ஒரு சமுதாயம் சமுதாயமாகவே நிலைக்காது என்று வாதாடினார். எள்ளி நகையாடத்தக்க வாதமல்ல அது. குடியமர்வது ஒன்று, ஆனால் இரண்டு நாள் சுற்றிப் பார்ப்பது வேறு! கான்ட் என்ற ஜெர்மன் தத்துவ ஆசிரியர் — தாம் பிறந்த ஊரைச் சுற்றிய பகுதியை விட்டு எங்கும் போகாதவர் அவர் — 1795-லேயே இந்த வேற்றுமையைக் கண்டார். விருந்தாளியாகத் தங்கும் உரிமை அயலானுக்கு இல்லாமலிருக்கலாம். வந்து பார்க்கும் உரிமை உண்டு. உருண்டையான இந்தப் பூமியில் மக்கள் முடிவின்றி விலகிப்போக முடியாதல்லவா என்றார். நம் ஐந்தாமவன் கேட்பது அவ்வளவே.

"போனால் திரும்ப மாட்டான்" என்பது அடுத்த வாதம். நால்வரும்கூடத் திரும்பாமல் இருக்கலாமே! அவர்கள் பிராட்டிஸ்லாவாவிலேயே வேலை தேடித் தங்கினால் சட்டம் வரவேற்கும். ஆக, ஐயம் செயலைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது. நால்வர் செய்த அருஞ்செயல் என்ன? பிறந்தார்கள். ஐந்தாமவன் செய்த பிழை? அவனும் பிறந்தான். ஜோசப் கேரன்ஸ் என்பவர் 1987-இல் ஒரு கட்டுரை எழுதி, செல்வ நாட்டுக் குடியுரிமை பழைய நிலப்பிரபுத்துவச் சலுகை போன்றதே, பிறவியால் வருவதே என்று காட்டினார். பிறவியால் உயர்வு என்ற பேச்சை வேறெங்கும் செவிமடுக்காத நாம், அது கடவுச்சீட்டு அட்டையில் பொன்னெழுத்தில் அச்சிட்டு வந்தால் மட்டும் ஏன் வாய்மூடி இருக்கிறோம்?

1948-இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்திலும் இந்த ஓட்டை இருக்கிறது. 13-ஆம் பிரிவு, எந்த நாட்டை விட்டும் வெளியேறும் உரிமையைத் தருகிறது. அடுத்த பிரிவு, கொடுமைக்குத் தப்பி வந்து அடைக்கலம் நாடும் உரிமையைச் சொல்கிறது. மற்றபடி, வெளியேறியவன் எங்கே நுழைவான் என்பதற்கு விடை இல்லை. தேவீன் கோட்டை அடியில் வெளியேற விடாமல் சுட்டவர்களை உலகம் கண்டித்தது, கண்டிக்கத்தான் வேண்டும். நுழைய விடாமல் நிற்பவர்களுக்கோ அதே ஏட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறது.

சரி, நால்வர் என்ன செய்வது? "நாங்களும் போகோம்" என்று அறைக்குள் அடைந்து கிடந்தால் ஐந்தாமவனுக்கு ஏதும் கிடைக்கப் போவதில்லை. தன்னால் நண்பர் மகிழ்ச்சி கெட்டதே என்ற சுமைதான் மிஞ்சும். இரக்கப்பட்டு ஒருவர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை எந்த இளைஞன் விரும்புவான்! ஆகவே போவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அதே நேரத்தில், "அவனே போகச் சொல்லிவிட்டான்" என்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. அவன் பெருந்தன்மை அவனுடையது. அது நால்வருடைய கணக்கைத் தீர்க்காது. தங்கள் பயணம் தங்கள் தகுதிக்குக் கிடைத்த பரிசு என்று அவர்கள் நம்பத் தொடங்கினால், அங்கேதான் குற்றம் பிறக்கிறது. 1989-இல் குளிரில் நடந்தவர்கள் இவர்கள் அல்லர். அந்த நடையின் பலனை உண்பவர்கள். உண்ணட்டும். இன்னும் ஒருவன் வரிசையில் நிற்கிறான் என்று தெரிந்து உண்ணட்டும். வாக்குச்சீட்டு கையில் உள்ளவர்கள் அவர்கள். ஐந்தாமவனுக்கு அதுவும் கிடையாது.

நாம் நிறுத்திய ஐவரில் அந்தப் போலந்துப் பெண்ணை ஞாயிறு இரவு திரும்பும் ரயிலில் பேசவிட்டுப் பார்ப்போம். அடுத்த சனிக்கிழமை லின்ஸ் நகருக்குப் போனால் என்ன என்று அவள் கேட்கக்கூடும். லின்ஸ் ஆஸ்திரியாவுக்குள் இருக்கிறது. அங்கும் டான்யூப் ஓடுகிறது, அங்கும் குளிர்காலச் சந்தை உண்டு. "அங்கே புதிதாக என்ன இருக்கிறது?" என்று மிலான் பெண் முகம் சுளிக்கலாம். கிராட்ஸ்காரனோ அந்த ஊரைப் பத்து முறை பார்த்தவனாக இருப்பான். சலிப்பான யோசனைதான், அதனால் எந்த எல்லையும் அசையாது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் சீட்டு வாங்கும்போது ஐந்து என்று கேட்கலாம்.