ஓவியக் குதிரையும் பறக்கும் மனிதனும்

அச்சில் வரையப்பட்ட ஒரு நாயகனுக்குத் திரையில் உடல் கொடுக்க ஒரு நடிகரைத் தேர்ந்தெடுக்கும்போது அத்தேர்வு பொருத்தமானதா என்பதை எதைக்கொண்டு அளப்பது என்னும் கேள்வி, வணிகத் திரைப்படத் துறையின் உள்விவகாரம் போலத் தோன்றினாலும், கதைமாந்தன் என்று ஒருவன் உண்மையில் எங்கே இருக்கிறான் என்னும் பழைய மெய்யியல் சிக்கலோடு பிணைந்தது. 1988-இல் பேட்மேன் வேடத்துக்கு, பெரும்பாலும் நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்டிருந்த மைக்கேல் கீட்டன் தேர்வானபோது வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் பல்லாயிரம் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. படம் வெளிவந்ததோ அடுத்த ஆண்டில்தான். உலகில் எங்கும் இல்லாத ஒருவனைக் குறித்து ‘இவன் அவன் அல்லன்’ என்று அத்தனை பேர் உறுதியாகச் சொல்வதற்கு எவ்வகை அறிவு அடிப்படையாக இருந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இக்கேள்வியை வடமொழி நாடகவியலார் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூர்மையாக எழுப்பினர். பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு அபிநவகுப்தர் எழுதிய உரை, அவருக்கு முற்பட்ட ஸ்ரீசங்குகரின் கொள்கையை எடுத்துரைக்கிறது. மேடையில் இராமனாக நிற்பவனைக் காண்போருக்கு உண்டாகும் அறிவு ‘இவன் இராமனே’ என்னும் மெய்யறிவும் அன்று, பின்னர் பொய்யெனத் தெளியப்படும் திரிபறிவும் அன்று, ‘இராமனோ அல்லனோ’ என்னும் ஐயமும் அன்று, ‘இராமனைப் போன்றவன்’ என்னும் ஒப்புமையும் அன்று. தீட்டப்பட்ட குதிரையைக் கண்டு ‘இது குதிரை’ என்கிறவர் ஏமாறவும் இல்லை, ஐயுறவும் இல்லை. அதுபோல இந்நான்கிலும் அடங்காத தனியொரு அறிவே நாடகம் காண்போரிடம் நிகழ்கிறது என்பது சங்குகரின் துணிபு. துரகம் என்றால் குதிரை. ஆதலால் இவ்வுவமை சித்திர துரக நியாயம் எனப்பட்டது.

அபிநவகுப்தரின் ஆசிரியரான பட்ட தௌதர் இதை ஏற்கவில்லை. இராமனை எவரும் நேரில் கண்டதில்லை. காணாத ஒருவனை நடிகன் போலச்செய்கிறான் என்று எப்படி அறிவது என்று அவர் தடை எழுப்பினார். சித்திரக்கதை நாயகனிடம் வரும்போது இத்தடை வலுவிழப்பதுபோல் தெரிகிறது. ஏனெனில் இங்கே மூலம் வாசகரின் கையிலுள்ள இதழிலேயே, தாடையின் கோணம் வரை கோடிட்டுக் காட்டப்பட்டு இருக்கிறது. கீட்டனை மறுத்தோரின் துணிவுக்கு ஊற்று இதுவே.

ஆனால் அவர்கள் கண்டது எந்த முகம்? ஜோ ஷுஸ்டர் 1938-இல் வரைந்த சூப்பர்மேனும் பின்னாளில் கர்ட் ஸ்வான் வரைந்த சூப்பர்மேனும் முகச்சாயலில் ஒருவரல்லர். 1970-களின் தொடக்கத்தில் ஜாக் கிர்பி வரைந்த சூப்பர்மேன் முகங்கள், வெளியீட்டாளரான டிசி நிறுவனம் ஏற்றிருந்த சாயலிலிருந்து விலகியிருந்ததால், அந்நிறுவனம் அவற்றை வேறு ஓவியர்களைக் கொண்டு மாற்றி வரைவித்தே அச்சிட்டது. மூலம் என்று வாசகர் நம்பிய முகம் பதிப்பாசிரியரின் மேசையில் முடிவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சங்கும் சக்கரமும் கண்டு இது திருமாலின் படிமம் எனத் தெளிவதுபோல, மார்பிலுள்ள எழுத்தையும் தோளில் தொங்கும் சிவப்புத் துணியையும் கொண்டே இந்நாயகனும் அறியப்படுகிறான். சித்திரக்கதை மாந்தரான நிக் ஃப்யூரியின் கதையோ இன்னும் விந்தையானது. பல்லாண்டுகள் வெள்ளையராக வரையப்பட்ட அவர், 2002-இல் தொடங்கிய ‘தி அல்டிமேட்ஸ்’ தொடரில் நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் சாயலைப் பெற்றார். 2008-இல் ‘அயர்ன் மேன்’ படத்தில் ஜாக்சனே அவ்வேடத்தில் தோன்றினார். ஓவியத்தை நடிகர் ஒத்திருக்கிறாரா என்று கேட்பது இங்கே பொருளற்றுப் போகிறது.

ஆகவே பொருத்தத்தை முகச்சாயலில் தேடுவது வீண். 1978-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் தோன்றும் ஒரு காட்சி, அதை எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டுகிறது. லோயிஸ் லேனின் வீட்டில், அவள் அருகில் இல்லாத நேரத்தில், கூனிக் குறுகி நிற்கும், சூப்பர்மேனின் மறைவுருவான கிளார்க் கெண்ட் கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது, தோள்கள் விரிகின்றன, குரல் தாழ்ந்து உறுதிப்படுகிறது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவன் மனம் மாறி மறுபடியும் பழைய கூனலுக்குத் திரும்புகிறான். ஆடை மாறவில்லை, மார்பில் சின்னமும் இல்லை. இருந்தும் ஒரே உடலில் இருவரைப் பார்வையாளர் காண்கின்றனர். எந்த ஓவியச் சட்டகத்திலும் இல்லாத இந்த நிமிர்வு நடிகர் கொண்டுவந்தது. அதன் பிறகே அது சூப்பர்மேனுக்கு உரியதாயிற்று. 1948-ஆம் ஆண்டுத் தொடர்படத்தை எடுத்தவர்களோ, பொருத்தமான நடிகர் கிடைக்காததால் சூப்பர்மேனையே அமர்த்தியதாகவும், கிர்க் ஆலின் கிளார்க் கெண்டாக மட்டுமே நடிப்பதாகவும் விளம்பரப்படுத்தினர். சங்குகர் விலக்கிய நான்கில் முதலாவதான ‘இவன் அவனே’ என்பதைக் காசாக்கப் பார்த்த வேடிக்கை அது.

கதைமாந்தன் முற்றுப்பெற்ற ஒருவனாக எங்கோ காத்திருப்பதில்லை, நடிப்பவர் மூலமே நிறைவடைகிறான் என்று கொண்டால், நடிகர் இறக்கும்போது அவன் என்னாகிறான் என்னும் கேள்வி எழுகிறது. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் மறைந்த பின் அவ்வேடத்தில் வாகீன் ஃபீனிக்ஸ் நடித்தார். ஒரே பாத்திரத்துக்காக இருவரும் ஆஸ்கர் பெற்றனர். ஆனால் ‘பிளாக் பாந்தர்’ படத்தில் அரசன் டி’சல்லாவாக நடித்த சாட்விக் போஸ்மன் 2020-இல் காலமானபோது, மார்வெல் நிறுவனம் அவ்வேடத்தை மற்றொருவருக்குத் தரவில்லை. 1966-இல் ஸ்டான் லீயும் கிர்பியும் படைத்த நாயகன் ஒரு நடிகரோடு மறையலாகாது என்று ரசிகருள் ஒரு சாரார் வாதிட்டனர். துயரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவர்கள் வாதமே வலியது, ஏனெனில் முந்தைய உடலின் நினைவை அழிக்காமலே புதிய உடலை ஏற்கும் ஆற்றல் பார்வையாளருக்கு உண்டு என்பதை ஜோக்கரே மெய்ப்பித்திருந்தான். நிறுவனமும் தன் முடிவில் முழுதாக நிலைக்கவில்லை. 2022-இல் வந்த இரண்டாம் படம் டி’சல்லாவின் சாவோடு தொடங்குகிறது. அதன் இறுதியிலோ அவனுடைய சிறு மகன் தோன்றித் தன் பெயரும் டி’சல்லா என்கிறான்.