செங்கல்லும் உப்பும்

என் மேஜைமேல் ஒரு செங்கல் துண்டு இருக்கிறது. ஆலம்பரைக் கோட்டையிலிருந்து நான் எடுத்து வந்தது. கோட்டை அரசின் காவலில் உள்ள நினைவுச்சின்னம். அதிலிருந்து எதையும் அகற்றுவது குற்றம். பெயர்த்தெடுக்கவில்லை, மணலில் கிடந்ததைத்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். திருடியவன் எவனும் இப்படி ஏதாவது சொல்லிக்கொள்கிறவன்தான்.

அன்றே தெற்கே மரக்காணத்துக்கும் போனேன். உப்பளத்தில் ஒரு பெரியவர் இரண்டு கை உப்பை அள்ளி என் கைக்குட்டையில் கொட்டினார். வேண்டாம் என்றதற்கு, "எடுத்துக்கினு போ தம்பி, இதுக்கெல்லாம் கணக்கு இல்ல" என்றார். கண்ணாடிப் புட்டியில் போட்டுச் செங்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடி சரியில்லை. ஐப்பசி மழையில் உப்பு கசிந்து நீராகிவிட்டது. செங்கல் அப்படியே இருக்கிறது.

இவற்றில் எது பழையது? கோட்டை 18ஆம் நூற்றாண்டில் நவாபு ஆட்சியில் எழுந்தது. 1750இல் டூப்ளேயின் கைக்குப் போயிற்று. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தை 2004இன் ஆழிப்பேரலை உலுக்கியது. நாம் காவல் காப்பது கோட்டையையா, அது இடிக்கப்பட்ட விதத்தையா என்று கேட்கத் தோன்றுகிறது. உப்பளமோ அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அதைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் அங்கே குவிந்திருக்கும் உப்பில் எந்தப் பரலுக்கும் வயது சில மாதங்களுக்கு மேல் இராது. மழைக்காலத்தில் பாத்திகள் நீருக்குள் போய்விடும். நீர் வடிந்தபின் வரப்பைத் திரும்பப் போட்டு, சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் பாய்ச்சிக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து.

1958ஆம் வருஷத்துச் சட்டம், ஒரு பொருள் நூறு வருஷமாவது இருந்திருந்தால்தான் அதைப் புராதனச் சின்னம் என்று ஏற்கிறது. உப்புப் பாத்தி இந்தப் பரீட்சையில் தேறாது. ஜப்பானில் இஸே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள், 2013இலும் கட்டினார்கள். மரம் புதிது, கோயில் பழையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. நாமும் செய்பொருளை விட்டுச் செய்கையைக் காக்கலாமே என்று ஒரு கட்டுரை எழுதும் உத்தேசத்தோடுதான் உட்கார்ந்தேன்.

எழுத முடியவில்லை. முதல் காரணம், கல்லைக் குறைத்துப் பேச எனக்கு யோக்யதை இல்லை. உப்பளத்தின் வயதை எனக்குச் சொன்னது கல்தான். திருப்பணி என்ற பெயரில் எத்தனையோ கோயில்களில் மணல் வீச்சில் எழுத்துகள் தேய்ந்துபோயின. காவல் இல்லாத இடத்தில் கல்லும் பேசாது.

இரண்டாவது காரணம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. இடிந்த சுவரைக் காக்க, யாரும் அதைத் தொடாமலிருந்தால் பெரும்பாலும் போதும். செய்கையைக் காக்க ஒருவர் அதைச் செய்தாக வேண்டும். அந்தப் பெரியவரின் பாதங்களைப் பார்த்தேன். உவர்நீரில் ஊறி ஊறித் தடித்து, வெடித்துக் கிடந்தன. பேரன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். "படிக்கிறான். இது எங்கூடவே போவட்டும்" என்றார். அதில் துக்கம் இருந்ததாக எனக்குப் படவில்லை.

அது தொடர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். மாலை வெயிலில் பாத்திகள் மின்னுவதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுகிறவன். என் ஆசைக்கு இன்னொருவன் பிள்ளையின் கால் வெடிக்க வேண்டும். தொழில்களோடு சொற்களும் சாகின்றன என்று நம் சிறுபத்திரிகைகளில் அடிக்கடி புலம்புகிறோம், நானும் புலம்பியிருக்கிறேன். அந்தச் சொற்கள் யாருடைய வாயில், எத்தனை மணி நேர வேலைக்கு நடுவே உயிரோடிருந்தன என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. கூலியும் கருவியும் மாறினால் பேரனும் வரக்கூடும் என்று வாதிடலாம். வந்தால் அது அவன் தீர்மானம். பாரம்பரியம் என்று சொல்லி அவனை அழைக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

செங்கல்லைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். அதில் சிரமம் ஒன்றுமில்லை. புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மறுபடி போனால் பெரியவர் உப்பு கொடுப்பார். கேட்கலாமா என்றுதான் தெரியவில்லை.