யாரும் அளக்காத வேகம்
டிரைவ் டெஸ்ட், அதாவது மொபைல் நெட்வொர்க்கை அளப்பது, என் தொழில். காரில் போன்களை வைத்து, ஜிபிஎஸ் ஓடவிட்டு ஊரைச் சுற்றுவோம். சிக்னல் மைனஸ் 80 டிபிஎம் என்றால் நிம்மதி. மைனஸ் 115 என்றால் முகம் சுருங்கும். சிக்னல் பலமாக இருந்தும் டேட்டா வேகம் படுத்துவிடுவதுண்டு: ஒரே டவரை அத்தனை பேரும் பங்கிடுகிறார்கள். வேகத்தை அளக்கப் பெரிய கோப்பைப் பதிவிறக்கும்போது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என் அளவீடே அடுத்தவர் வேகத்தைத் தின்கிறது. அப்படியானால் நான் அளக்காதபோது இருந்த வேகம் எது? சமணரின் அநேகாந்தவாதம்தான் எனக்குக் கைகொடுக்கிறது: ஒரு நிலையில் நின்றால் இப்படி, வேறொன்றில் அப்படி, இரண்டும் பொய்யல்ல. சராசரியை மட்டும் நம்பமாட்டேன். ஒருவருக்கு 99 எம்பிபிஎஸ், இன்னொருவருக்கு 1, சராசரி 50. அந்த 50ஐ அனுபவித்தவர் எவருமில்லை. (மேலதிகாரிகளுக்கு அதுதான் பிடிக்கும்.) அறிக்கையில் எண்ணுக்கு முன்னால் இடம், நேரம், போன் மாடல் எழுதுகிறேன்.