ஒரே விலை



சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஒய்.எம்.சி.ஏ.வின் பழைய சிவப்புக் கட்டடம் நிற்கிறது. அதைக் கட்டப் பெரும் பணம் தந்தவர் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஜான் வானமேக்கர்.

செங்கல் அறுத்துப் பிழைத்த குடும்பம். 1838இல் பிறந்தார். சிறு வயதிலேயே எடுபிடி வேலைக்குப் போனார். 1861 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் மூண்ட அதே மாதத்தில், மைத்துனரோடு சேர்ந்து கடை திறந்தார். முதல் நாள் வசூல் 24 டாலர் 67 சென்ட். அதில் 24 டாலரை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார். கல்லாவில் சில்லறைக்கென்று 67 சென்ட் மிஞ்சியது.

அந்நாளில் ஆளுக்கொரு விலை. பேரம் பேசத் தெரிந்தவர் பிழைத்தார். கூச்சப்பட்டவர் கூடுதலாகக் கொடுத்தார். வானமேக்கர் விலையைச் சீட்டில் எழுதித் துணியிலேயே தொங்கவிட்டார். எல்லாருக்கும் ஒரே விலை. பிடிக்காவிட்டால் திருப்பித் தந்து பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு முன்பே சிலர் இப்படி விற்றதுண்டு. ஆனால் அதை ஊரறியச் சொல்லி, சொன்னபடி நடந்து, மாபெரும் கடையாக வளர்த்துக் காட்டியவர் இவர். பேரம் பேச வாயில்லாத ஏழைப் பெண்ணுக்கு அந்தச் சீட்டு எவ்வளவு பெரிய மரியாதை!

1889இல் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் அவரை அஞ்சல் துறைத் தலைவராக்கினார். ஹாரிசனின் தேர்தலுக்கு நிதி திரட்டித் தந்தவர் அவர். பதவிக்கு வந்ததும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த அஞ்சலக அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டார்கள். பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். கடையில் ஆள் பார்க்காதவர் அலுவலகத்தில் கட்சி பார்த்தார். அவரை மதிக்கும் எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

ஆனாலும் அதே நாற்காலியில் அமர்ந்து அவர் ஒரு கேள்வி கேட்டார். நகரத்தாருக்குக் கடிதம் வீடு தேடி வருகிறது. குடியானவன் மட்டும் ஏன் வேலையைப் போட்டுவிட்டு, வண்டி கட்டிக்கொண்டு, அஞ்சலகத்துக்கு வர வேண்டும்? இதற்கு நாடாளுமன்றம் பெரிதாகப் பணம் ஒதுக்கவில்லை. 1893இல் பதவிக்காலம் முடிந்து அவர் கடைக்கே திரும்பினார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடையாக, 1896 அக்டோபர் 1ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்லஸ் டவுன் பக்கம் ஐந்து தபால்காரர்கள் புறப்பட்டார்கள், பண்ணை வீடுகளை நோக்கி. பையிலிருந்த கடிதங்களில் ஒட்டியிருந்தது, நகரத்துக் கடிதங்களில் ஒட்டும் அதே 2 சென்ட் தபால்தலைதான்.