கைமாறும் வேலையும் கைமாறாத கடனும்

ஒருவர் செய்துவந்த வேலையை மற்றொருவரிடம் ஒப்படைக்க முதலாளிக்கு உரிமை உண்டா என்னும் வினாவுக்குச் சட்டம் விரைந்து விடை கூறிவிடும். உண்டு என்பதே அவ்விடை. ஆனால், இதுகாறும் அவ்வேலையைச் செய்துவந்தவனுக்குத் தீர்க்க வேண்டிய கடனும் அதனோடு கைமாறிப் போய்விடுமா என்னும் வினா அத்துணை எளிதன்று. அது சட்டத்தின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் நிற்பது.

இவ்வினாவை உலகில் உரத்த குரலில் எழுப்பியோர் அமெரிக்கத் தொழிலாளர். 1979 ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஆலைகளில் ஏறத்தாழ 1 கோடியே 95 இலட்சம் பேர் பணியாற்றினர். 1994 இல் கனடா, மெக்சிகோ நாடுகளுடன் செய்துகொண்ட வாணிப உடன்பாடு நடப்புக்கு வந்தது. 2001 இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. 2010 ஆம் ஆண்டளவில் ஆலைத் தொழிலாளர் தொகை 1 கோடியே 15 இலட்சமாகச் சுருங்கியது. இயந்திரப் பெருக்கமும் பொருளாதார வீழ்ச்சியும் இதற்குக் காரணங்களே எனினும், கூலி குறைந்த நாடுகளை நோக்கி வேலைகள் பெயர்ந்தமையும் ஒரு பெருங்காரணமாகும். மலிவுப் பொருளின் பயனை நாடு முழுவதும் நுகர்ந்தது. இழப்போ ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர்களின் தலையில் விழுந்தது.

இக்கதை மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. கோலசிலாங்கூர் முதலாக வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்கள் இதனையே மற்றொரு வடிவில் கண்டன. அமெரிக்காவில் வேலை, கூலி குறைந்த கைகளைத் தேடிக் கடல் கடந்து போயிற்று. இங்கே பால்மரத்தையும் செம்பனையையும் வேரோடு பெயர்த்துக் கடல் கடத்த இயலாது. ஆதலால் கூலி குறைந்த கைகளே கடல் கடந்து கொண்டுவரப்பட்டன. வழி வேறு, விளைவு ஒன்று.

பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரின் அருகே தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917 இல் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரை அங்குத்தான் தொடங்கினார். தோட்டத்தின் பெயரோ தமிழ்ப் பெயர். அத்தோட்டங்களில் வியர்வை சிந்தியவர் பேசிய மொழி எது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர்களும் மலிவுக் கைகளாகவே கொண்டுவரப்பட்டவர்கள் என்பதை மறத்தலாகாது. தோட்டத்திற்கு ஆள் தேவைப்பட்டபோது கங்காணி ஊருக்குச் சென்றார், ஆள் சேர்த்தார், சேர்த்த தலைக்குக் கைக்காசு பெற்றார். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே ஓர் இடையாள் நின்றார். 1938 இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும் வரை அவ்வழி திறந்திருந்தது.

பின்னர் வந்தவை அடிமேல் அடிகளாக அமைந்தன. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் தலைதூக்கியது. அதனைத் தடுக்கும் நோக்குடன் துன் சம்பந்தன் அவர்கள் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969 க்குப் பின் குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று, பலர் கப்பலேறினர். இரப்பர் அழிந்து செம்பனை ஓங்கியது. அதற்கு வேண்டிய கைகளோ குறைவு. குத்தகையாளர்வழி ஆள் அமர்த்தும் முறை பரவியது. 1984 இல் இந்தோனேசியாவுடன் மேடான் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் வங்காளதேசத்தவரும் வந்தனர். தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின.

வேலை இழந்தவர்க்குச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை எனல் பொருந்தாது. 1980 ஆம் ஆண்டு பணிநீக்கப் பயன் விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி உண்டு. முப்பது ஆண்டு மரம் சீவியவர் 600 நாள் கூலி பெறுவார்; அஃதாவது ஏறத்தாழ இரண்டாண்டு வருவாய். ஆனால், அவர் இழப்பது வேலையை மட்டுமா? லயத்து வீடு, பிள்ளைகள் பயிலும் பள்ளி, முன்னோர் எழுப்பிய கோயில், துன்பத்தில் ஓடிவரும் அண்டை வீட்டார் ஆகிய யாவும் அவ்வொரு வேலையைப் பற்றிக்கொண்டு நின்றவை. 1957 இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியவை ஏறத்தாழ 530. பள்ளிகளின் இணைப்பும் இதற்கு ஒரு காரணமே. எனினும், தோட்டங்கள் கலைந்தமையைக் கருதாமல் இக்கணக்கை விளக்க இயலாது. நாட்கூலியால் அளக்கப்படும் எந்த இழப்பீடும் இவற்றை அளந்ததில்லை.

“உலகச் சந்தையே விலையை உறுதி செய்கிறது, செலவைக் குறைக்காவிடில் தோட்டமே மூடப்படும்” என்பது உடைமையாளர் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. மூடிய தோட்டம் யாருக்கும் சோறிடாது. ஆயினும், செலவு குறைந்ததால் வரும் பயன் ஒரு பக்கமும், அதனால் வரும் இழப்பு மறுபக்கமும் சேருமாயின், அதனைத் தவிர்க்க இயலாத காலத்தின் கோலம் எனல் தகுமோ? பங்கீடு மனிதர் செய்வது. ஆகவே மனிதர் திருத்தக்கது.

“குத்தகைக்காரரின் ஆள் எம் ஆள் அல்லன்” என்பது மற்றொரு வாதம். இதனை நாட்டின் சட்டமே முழுமையாக ஏற்கவில்லை. குத்தகையாளர் கூலி கொடுக்கத் தவறின், வேலையை ஒப்படைத்தவரும் குறிப்பிட்ட வரம்புக்குள் பொறுப்பாவார் என 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது. வேலையைப் பிறர் கையில் கொடுக்கலாம். கடனைக் கொடுத்துவிட முடியாது என்னும் அறம் அச்சட்டத்தில் ஒரு சிறு விதையாக உள்ளது. அது கூலியளவில் நின்றுவிடாமல் வீட்டுக்கும் கல்விக்கும் வளர வேண்டும்.

இனி, இழந்தவர்க்கும் ஒரு கடன் உண்டு. வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்தே நடுவுநிலைமையை வைத்தார். செய்ந்நன்றி உடைமையாளர் நினைக்க வேண்டியது; நடுவுநிலைமை யாவரும் நினைக்க வேண்டியது. முகவருக்குக் கடன்பட்டு வந்து செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்து இளைஞன், தமிழர் பாட்டனாரின் பழைய வழியில் நடந்து வந்தவனே. அவன்மீது சினம் கொள்வது, தன் பாட்டனார்மீதே சினம் கொள்வதாகும். அமெரிக்கரின் அலுவலக வேலைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்தபோது தமிழிளைஞர் பலர் வாழ்வு பெற்றனர். சென்னைக்கு ஒரு தராசும் கோலசிலாங்கூருக்கு ஒரு தராசும் பிடித்தல் நடுவுநிலைமை ஆகாது.

புதியவனை விலக்குவது தீர்வன்று. அவனை மலிவாக்கும் நிலையை விலக்குவதே தீர்வு. 2013 இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் எனத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் உரியதாயிற்று. 2025 இல் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. கூலி சமமாகுமிடத்து, மலிவு என்னும் ஒரே காரணத்திற்காக ஒருவரை நீக்கி மற்றொருவரை அமர்த்தும் ஆசை குன்றும். பழையவனின் உரிமையும் புதியவனின் மானமும் ஒரே வேலியால் காக்கப்படுகின்றன.

வேலை என்றும் ஓரிடத்தில் நின்றதில்லை; இனியும் நிற்காது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வேறொன்று வரலாம். அம்மாற்றத்திற்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது பள்ளியின் பணி. ஆனால், கற்றுத் தேறிய அம்மாணவர் நாளை மேலாளராகவும் குத்தகையாளராகவும் உடைமையாளராகவும் அமர்வர். ஒரு வேலையை எடுத்து வேறொருவரிடம் கொடுக்கும் கையெழுத்தை இடும்போது, அவ்வேலையோடு எத்தனை வீட்டு அடுப்புகள் பிணைந்துள்ளன என எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையும் அப்பள்ளியே ஊட்ட வேண்டும்.