தற்காப்பில் பொய் கூடாது

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் பெற்றோர் பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கு அனுப்ப இரண்டு காரணங்கள் உண்டு. பிள்ளைக்கு ஒழுக்கம் வரும். மாலை ரியூசன் முடிந்து பஸ்ஸில் திரும்பும் பெண்பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வாள். இவற்றுள் எது பெரிது என்ற வாதம் பழையது. அதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு: தற்காப்பு என்று கற்பிக்கப்படுவது உண்மையில் காக்குமா? காக்காததைக் காக்கும் என்று நம்பவைப்பது, எத்தனை வணக்கத்தோடும் தியானத்தோடும் செய்தாலும், ஏமாற்றுதான்.

இக்கேள்விக்கு ஒரு விடை ஜூடோவின் வரலாற்றில் உண்டு. 1882இல் தோக்கியோவில் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவின் குத்து, உதை முதலிய ஆபத்தான முறைகளைக் கட்டா எனப்படும் முன்வகுத்த அசைவுப் பயிற்சிக்குள் ஒதுக்கினார். எதிராளி முழுப் பலத்தோடு எதிர்க்கும் ரண்டோரியில், காயமின்றிப் பயிலக்கூடிய வீச்சுகளையும் பிடிகளையும் மட்டும் வைத்தார். கலை மழுங்கியிருக்கும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் விழ மறுப்பவனை நாள்தோறும் வீழ்த்தப் பழகிய உடலுக்குத் தன்னால் எது முடியும், எது முடியாது என்று தெரியும். பணிந்து விழும் துணையிடம் கொலைநுட்பம் பயின்றவனுக்கு அது தெரியாது. தோற்று எழுவதும், மெலிந்தவனை நோகாமல் விடுவதும் அதே பாயில்தான் பழகுகின்றன. பயனையும் பண்பையும் பிரித்து நிறுத்துவோர் இதைக் கவனிப்பதில்லை.

பண்பு என்று சொல்லப்படுவதையும் சோதித்தே ஏற்க வேண்டும். 1930களில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவும் வாட்பயிற்சியான கெண்டோவும் போருக்குக் கீழ்ப்படியும் மாணவரை உருவாக்கப் பயன்பட்டன. 1942 ஏப்ரல் 9 காலை திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு வீசியது அக்கல்வியில் வளர்ந்த தலைமுறை. கட்டுப்பாடும் மனவுறுதியும் அவர்களிடம் நிறைய இருந்தன. யாரை, எதற்காகத் தாக்குகிறோம் என்று கேட்க அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

1922இல் ஒக்கினாவாவின் கராத்தேயைத் தோக்கியோவில் அறிமுகப்படுத்திய கிச்சின் ஃபுனகோஷி, கராத்தே பயில்பவர் முதலில் கைநீட்டலாகாது என்று விதித்தார். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையும் காப்புக்குத் தேவையான அளவை மீறிய தீங்கை அனுமதிப்பதில்லை. அந்த அளவு அறிவுரையால் வராது. தப்ப வழி கிடைத்த கணத்தில் கையை நிறுத்தப் பழகிய உடலுக்கே வரும்.

வெறுங்கையின் எல்லை திருகோணமலைக்குத் தெரியும். 2006 ஜனவரி 2 மாலை இதன் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்பிள்ளைகளைக் காக்க வேண்டியிருந்தவை அரசும் சட்டமும். எந்தக் கலையும் அந்தப் பொறுப்பை ஏற்க இயலாது. துப்பாக்கியின் முன் கறுப்புப் பட்டி உதவாது என்பதை வகுப்பிலேயே சொல்லும் ஆசிரியர்தான் மாணவரை மதிக்கிறார்.

பெற்றோரே, மாதக் கட்டணம் கட்டுமுன் ஒரு மாலை வகுப்பின் ஓரத்தில் நின்று பாருங்கள். பிள்ளையின் கையை யாராவது மெய்யாகவே இறுகப் பிடிக்கிறார்களா? கத்தவும் ஓடவும் பழக்குகிறார்களா? விழுந்தவரை அடிக்காமல் நிற்கச் சொல்கிறார்களா? இவை இல்லையென்றால் அது நல்ல உடற்பயிற்சி. அப்படியே எண்ணி அனுப்புங்கள்; தற்காப்பு என்று நம்பி அனுப்பாதீர்கள்.